ஓட்டர் ஐடி ரிவ்யூ: அட்டைக்கு நாலு ஸ்டார், பட்டியலுக்கு இரண்டு

அட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. புதிதாக விண்ணப்பித்தால் காசு வாங்குவதில்லை, தபாலில் வீட்டுக்கே வருகிறது. பழைய லேமினேஷன் அட்டையில் ஒரு கறுப்பு வெள்ளை முகம் இருக்கும், அது யாருடையது என்று பெற்ற தாய்கூட இரண்டு தடவை பார்த்துத்தான் சொல்வாள். இப்போது வருகிற கலர் பிளாஸ்டிக் அட்டை அதற்கு எவ்வளவோ மேல். மூன்று எழுத்து, ஏழு இலக்கம் என்று பத்து இடத்தில் ஓர் எண், பர்ஸில் ஏடிஎம் கார்டு பக்கத்தில் செருகுகிற சைஸ். 2021 ஜனவரி 25 முதல் பிடிஎஃப் ஆகவும் இறக்கிக்கொள்ளலாம். பட்டியலில் பெயர் சேர்ந்தோ மாறியோ 15 நாளுக்குள் அட்டை கைக்கு வரும்படி செய்வோம் என்று 2025 ஜூனில் தேர்தல் ஆணையம் அறிவித்தது. ஓர் அரசுச் சேவைக்கு இது மோசமில்லை.

விண்ணப்பிக்கிற முறையும் முன்பைவிடத் தேவலை. முன்னெல்லாம் தகுதித் தேதி ஜனவரி 1 மட்டும்தான், ஜனவரி 2-ஆம் தேதி பிறந்தவர் கிட்டத்தட்ட ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். 2022-லிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு முதல் தேதிகள், 17 வயது முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பம் போட்டு வைக்கலாம். புதுப் பெயருக்குப் படிவம் 6. வீடு மாறியது, எழுத்துப் பிழை, அட்டை தொலைந்தது, மாற்றுத்திறனாளி என்று குறிப்பது எல்லாவற்றுக்கும் படிவம் 8 ஒன்றே போதும். நான் வீடு மாறியபோது செல்போனிலேயே படிவம் 8 போட்டேன். பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) அம்மா ஒருவர் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார், அப்புறம் அட்டை தபாலில் வந்தது. பாதிப் பேர் ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும்தான் இந்த வேலையைத் தங்கள் சொந்த வேலைக்கு மேல் பார்க்கிறார்கள், வருஷத்துக்கு 6,000 ரூபாயாக இருந்த மதிப்பூதியம் 2025-ல்தான் 12,000 ஆனது. இந்தச் சேவையில் முழு ஐந்து ஸ்டார் கொடுக்கத் தகுந்தவர்கள் அவர்கள்தான்.

சரி, அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இந்த அட்டை கையில் இருப்பதாலேயே தற்போதைய பட்டியலில் உங்கள் பெயர் இருப்பதாக ஆகிவிடாது, ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளவும் என்று பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கும். பெரும்பாலானவர்கள் இதைப் படிப்பதே இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் அட்டையோடு வந்து, பேர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, டிவி மைக்கைப் பார்த்ததும் கொதிக்கிறவர்களைப் பார்க்கிறோம் அல்லவா, அவர்கள் எல்லோருடைய அட்டையிலும் இந்த வரி இருந்திருக்கும்.

அதாவது இந்த அட்டை டிக்கெட் இல்லை. நீ யார் என்பதை மட்டும் அது சொல்லும். ஓட்டு இருக்கிறதா இல்லையா என்பதைப் பட்டியல் சொல்லும். 1951-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-வது பிரிவும் பட்டியலில் பெயர் உள்ளவருக்குத்தான் ஓட்டு என்கிறது, அட்டை உள்ளவருக்கு என்று சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால், ஐடி கேட்பது சரியா தப்பா என்று உலகம் முழுக்க நடக்கிற சண்டை நம் ஊரில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

ஏனென்றால் பூத்தில் ஐடி கேட்பதில் நம் ஆட்களுக்குத் தகராறே கிடையாது. எனக்கும் இல்லை. 1993-ல் அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் இந்த அட்டையைக் கொண்டுவந்தபோது எதிர்ப்பு இருந்தது, அட்டை இல்லையென்றால் தேர்தலே இல்லை என்கிற அளவுக்கு அவர் பிடிவாதமாக நின்றார், கடைசியில் எல்லோருக்கும் அட்டை போய்ச் சேராமலே தேர்தல்கள் நடக்கத்தான் செய்தன. அட்டை மெல்ல மெல்ல வீடு வீடாக வந்தது. இன்றைக்கு அட்டையை வீட்டில் மறந்துவிட்டுப் போனாலும் ஆதார், பான், டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய பேங்க் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளி அட்டை என்று பன்னிரண்டில் ஏதாவது ஒன்றைக் காட்டலாம். அட்டையில் பெயர் எழுத்து கொஞ்சம் பிசகியிருந்தாலும் ஆள் அவர்தான் என்று தெரிந்தால் விட்டுவிட வேண்டும் என்பதுதான் ஆணையத்தின் உத்தரவு. வேறு தொகுதியில் வாங்கிய அட்டையையும் ஏற்கலாம், இந்த பூத் பட்டியலில் பெயர் இருந்தால். (ரேஷன் கார்டு மட்டும் செல்லாது. தமிழ்நாட்டில் எல்லாவற்றுக்கும் நீட்டுகிற அட்டை அதுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வீட்டுக்கு வருகிற பூத் சிலிப்பும் 2019-லிருந்து தனியாக ஐடி ஆகாது, அதில் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.)

பூத்துக்குள்ளே நடக்கிற பரிசோதனையும் எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் அலுவலர் பட்டியலில் பார்த்து உங்கள் பெயரைச் சத்தமாகப் படிப்பார், அது வெறும் சம்பிரதாயம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கட்சி முகவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள், ஆள் மாறாட்டம் என்று சந்தேகம் வந்தால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். புகார் பொய் என்றால் அந்த இரண்டு ரூபாய் போச்சு, உண்மை என்றால் வந்தவர் போலீஸில் ஒப்படைக்கப்படுவார். அப்புறம் மை, அது 1962 பொதுத் தேர்தலிலிருந்து மைசூரில் கர்நாடக அரசு நிறுவனம் தயாரிப்பது. அட்டை, பட்டியல் போட்டோ, முகவர், மை என்று இத்தனை அடுக்கு இருக்கும்போது கள்ள ஓட்டு போடுவது முன்பு மாதிரி சுலபமில்லை.

அப்படியும் உங்கள் பெயரில் வேறு யாராவது போட்டுவிட்டுப் போயிருந்தால், இருக்கவே இருக்கிறது, எல்லோருக்கும் இப்போது தெரிந்திருக்கிற தேர்தல் நடத்தை விதி 49பி (49P). தலைமை அலுவலர் கேட்கிற கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால் ஒரு காகித ஓட்டுச் சீட்டு தருவார், நீங்கள் குறித்துக் கொடுத்ததைத் தனி உறையில் வைத்துவிடுவார்கள். அதை வழக்கமான எண்ணிக்கையில் எண்ண மாட்டார்கள், வழக்கு என்று வந்து கோர்ட் சொன்னால்தான் எடுப்பார்கள். ஓட்டுப் போட்ட திருப்தி கிடைக்கும், மெஷினில் எண்ணப்படுவது அந்த இன்னொருவர் போட்டதுதான். இதற்கு ஒன்றரை ஸ்டார்.

இப்போது வெளியூர் மாடல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் வயதானவருக்கும் ஏழைக்கும் ஐடி கேட்டால் ஓட்டுப் போகும் என்று ஒரு பக்கம் சொல்லும்போது, நம்மில் பலர் ‘இதென்ன பெரிய விஷயம், நாங்க எல்லோரும் காட்டலையா’ என்று சிரிப்பதைப் பார்க்கிறேன். அந்தச் சிரிப்பு அவசரம். அங்கே எல்லோருக்கும் அரசே தருகிற தேசிய அடையாள அட்டை என்று ஒன்று கிடையாது, பெரும்பாலானோருக்கு டிரைவிங் லைசென்ஸ்தான் அடையாளம், கார் ஓட்டாதவர் தனியாக ஓர் அலுவலகம் தேடிப் போய்ப் பிறப்புச் சான்றிதழ் காட்டி வாங்க வேண்டும். இந்தியானா மாநிலம் 2005-ல் போட்டோ ஐடி சட்டம் கொண்டுவந்தது, 2008-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அதை ஏற்றுக்கொண்டது. அதே தீர்ப்பிலேயே, பூத்துக்கு நேரில் வந்து ஆள் மாறாட்டம் செய்ததாக அந்த மாநிலத்தின் வரலாற்றில் ஒரு சம்பவத்துக்குக்கூட இந்த வழக்கில் சான்று இல்லை என்றும் இருக்கிறது. டெக்சாஸ் 2011-ல் போட்ட சட்டத்தில் கைத்துப்பாக்கி லைசென்ஸ் செல்லும், மாணவர் ஐடி செல்லாது. எது செல்லும், எது செல்லாது என்று யார் உட்கார்ந்து முடிவு செய்தார்கள், எந்த வாக்காளர்களை மனதில் வைத்து முடிவு செய்தார்கள் என்று அந்த லிஸ்ட்டைப் பார்த்தாலே கொஞ்சம் தெரிகிறது.

பிரிட்டனிலும் இதே கதைதான். 2022-ல் சட்டம், 2023 மே மாதம் இங்கிலாந்து உள்ளாட்சித் தேர்தலில் முதல் தடவையாக ஐடி கேட்டார்கள். லண்டனில் அறுபது வயதுக்கு மேற்பட்டவரின் பயண அட்டை செல்லும், மாணவரின் பயண அட்டை செல்லாது. ஐடி இல்லாமல் வந்து, திரும்பி வராமலே போனவர்கள் குறைந்தது 14,000 பேர் என்று அங்கத்துத் தேர்தல் ஆணையம் கணக்கிட்டது. அடுத்த வருஷம் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டவர், அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் போரிஸ் ஜான்சன். ஐடியை மறந்து பூத்துக்குப் போய், திருப்பி அனுப்பப்பட்டு, எடுத்துக்கொண்டு வந்து ஓட்டுப் போட்டார். ஒரு முன்னாள் பிரதமரின் முகத்தைப் பார்த்தும் விடவில்லை என்பதில் அந்த அலுவலர்களின் நேர்மைக்கு ஒரு சல்யூட் வைக்கலாம், ஆனால் திரும்பி வரக் கார் இல்லாதவர், வேலையிலிருந்து அரை மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தவர், அவர் என்ன செய்திருப்பார்?

ஆக ஐடி கேட்கலாமா கூடாதா என்பது பாதிக் கேள்விதான். நிரூபிக்கிற சுமை யார் தலையில் விழுகிறது என்பதுதான் மீதி. அட்டையை அரசு செலவில், அரசு ஆளே வீட்டுக்கு வந்து சரிபார்த்துக் கொடுத்து, அது இல்லாவிட்டால் வேறு பன்னிரண்டையும் ஏற்கிற இடத்தில் ஐடி என்பது தொந்தரவே இல்லை. சுமையைத் தூக்கி ஓட்டுக்காரர் தலையில் வைத்தால் அதே ஐடி வடிகட்டி ஆகிவிடும். அங்கே அதை பூத் வாசலில் வைத்திருக்கிறார்கள். நாம் பட்டியல் தயாரிக்கிற மேஜையில் வைத்திருக்கிறோம், அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இது புதிதும் இல்லை. முதல் பொதுத் தேர்தலுக்கு 1951-ல் பட்டியல் எடுத்தபோது வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் எழுதச் சொன்னார்கள். பெயர் இல்லாமல் சேர்க்க முடியாது என்று சுகுமார் சென் தலைமையிலான ஆணையம் சுமார் 28 லட்சம் பெண்களை நீக்கியது. அப்போது அட்டையே கிடையாது. அட்டை இல்லாமலே அத்தனை ஓட்டு போனது என்பதைக் கவனியுங்கள்.

கர்நாடகாவின் ஆலந்த் தொகுதியில் 2023 தேர்தலுக்கு முன்னால் நடந்ததும் பட்டியல் சமாசாரம்தான். படிவம் 7 என்று ஒன்று இருக்கிறது, ஒருவர் பெயரை நீக்கச் சொல்லி அதே தொகுதி வாக்காளர் யார் வேண்டுமானாலும் போடலாம். ஆன்லைனில் 6,018 நீக்கல் விண்ணப்பங்கள் வந்தன, நேரில் போய் விசாரித்தால் 24 மட்டும்தான் உண்மை. மீதி யார் யாருடைய பெயரிலோ வேறு யாரோ போட்டது. பிடிபட்டது, நீக்கவில்லை, வழக்கும் பதிவானது, அந்த வகையில் சிஸ்டம் வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கள்ள ஓட்டுப் போடப் போனால் நேரில் வர வேண்டும், முகவர் கண்ணில் பட வேண்டும், விரலில் மை வாங்க வேண்டும். நல்ல ஓட்டைக் காலி செய்ய நாற்காலியை விட்டு எழ வேண்டியதில்லை. பாதுகாப்பை எல்லாம் எந்தப் பக்கம் குவித்து வைத்திருக்கிறோம் பாருங்கள்.

இப்போது எஸ்ஐஆர், அதாவது வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம். இரண்டு ஸ்டார் ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் இதனால்தான். 2025 ஜூனில் பீகாரில் ஆரம்பித்தது, ஏழு கோடியே 89 லட்சம் பேர் இருந்த பட்டியல் ஆகஸ்ட் 1 வரைவில் ஏழு கோடியே 24 லட்சம் ஆனது. போன 65 லட்சம் பேர் யார், ஏன் போனார்கள் என்பதைக் காரணத்தோடு வெளியிடச் சொல்ல உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. நீக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது தானாகவே நடந்திருக்க வேண்டிய அடிப்படை மரியாதை இல்லையா? 2003 பட்டியலில் இல்லாதவர்கள் காட்ட வேண்டிய ஆவணங்கள் என்று பதினொன்றைக் குறிப்பிட்டார்கள், அதில் ஆதார் கிடையாது, ரேஷன் கார்டு கிடையாது. இதுவரை நான் புகழ்ந்த அந்த ஓட்டர் ஐடியும் கிடையாது. ஆணையமே விசாரித்து, ஆணையமே அச்சடித்து, ஹாலோகிராம் ஒட்டிக் கொடுத்த அட்டையை ஆணையமே தனி ஆதாரமாக ஏற்காது என்றால், கடைக்காரர் தன் கடை பில்லைப் பார்த்து இது யார் கொடுத்தது என்று கேட்கிற கதை. செப்டம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு ஆதார் பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது, அதுவும் அடையாளத்துக்கு மட்டும், குடியுரிமைக்கு இல்லை என்ற குறிப்போடு.

நவம்பரில் நம் வாசலுக்கும் வந்தது. கணக்கெடுப்புப் படிவம், 2002 அல்லது 2005 பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எந்தப் பாகத்தில் எந்த வரிசையில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து எழுத வேண்டும். இருபது வருஷத்துக்கு முந்தைய தொகுதி எல்லைகள் மாறிவிட்டன, தெருப் பெயர்கள் மாறிவிட்டன, அப்பா எந்த ஊரில் வாடகைக்கு இருந்தபோது பெயர் சேர்த்தார் என்று ஆளுக்கு ஆள் போன் செய்து கேட்டுக்கொண்டிருந்தோம். பணிச்சுமை தாங்கவில்லை என்று வருவாய்த் துறை ஊழியர்கள் போராட்டம் அறிவித்தார்கள், கடைசித் தேதியும் தள்ளிப்போனது. டிசம்பர் 19 வரைவுப் பட்டியலில் ஆறு கோடியே 41 லட்சம், ஐந்து கோடியே 43 லட்சமாக நின்றது. போனவர்களில் சுமார் 27 லட்சம் பேர் இறந்தவர்கள் என்றார்கள், அவர்கள் பெயர் இருந்திருக்கவே கூடாது, நீக்கியது சரி, கள்ள ஓட்டுக்கு முதல் தீனி அந்தப் பெயர்கள்தான். இரட்டைப் பதிவும் போக வேண்டியதே. ஆனால் 66 லட்சத்துச் சொச்சம் பேர் வீடு மாறியவர்கள் அல்லது வீட்டில் இல்லாதவர்கள் என்ற கணக்கு. வாடகை வீட்டில் இருப்பவர், பெங்களூரில் வேலை பார்ப்பவர், கட்டட வேலைக்கு ஊர் ஊராகப் போகிறவர், கல்யாணமாகிப் போன பெண், இவர்கள் செத்தும் போகவில்லை, ஏமாற்றவும் இல்லை. பிஎல்ஓ வந்த நேரத்தில் கதவு பூட்டியிருந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது 1995-ல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மும்பையிலும் டெல்லியிலும் சில பகுதி மக்களிடம் குடிமகன் என்று நிரூபி என்று கேட்டபோது வந்த வழக்கு அது. ஏற்கெனவே பட்டியலில் இருந்தவர் முறையான விசாரணைக்குப் பிறகே சேர்க்கப்பட்டிருப்பார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது அதன் சாரம். எஸ்ஐஆர் அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டது, நீ பத்துத் தடவை ஓட்டுப் போட்டிருந்தாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பி என்கிறது. பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிற எனக்கே இது ஒட்டவில்லை.

ஓட்டுரிமை என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அது என்ன மாதிரி உரிமை என்பதில் கோர்ட்டுக்கே ஒரே பேச்சு இல்லை. 1952-ல் பொன்னுசாமி வழக்கில் (நாமக்கல்லில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட நம்ம ஊர்க்காரர் போட்டது) சட்டம் கொடுத்த உரிமை என்றார்கள், 1982-ல் ஜோதி பாசு வழக்கில் அதையே அழுத்தினார்கள், 2003-ல் ஒரு நீதிபதி இது அரசியலமைப்பு உரிமை என்றார், 2006-ல் மறுபடி சட்ட உரிமை, 2023-ல் ஒரு நீதிபதி அடிப்படை உரிமை என்கிற அளவுக்குப் போனார். அரசியலமைப்பின் 326-வது பிரிவு 18 வயதான குடிமக்களுக்கு வாக்காளராகப் பதிவாகும் உரிமையைத் தருகிறது, அது தெளிவு. ஆனால் சட்டம் தந்ததைச் சட்டம் எடுக்கவும் முடியும். விசாரணைக் கைதி ஒருவர், குற்றம் நிரூபணமாகாதவர், கையில் அட்டை, பட்டியலில் பெயர், எல்லாம் இருந்தும் ஜெயிலுக்குள் இருக்கிற வரை ஓட்டுப் போட முடியாது. அதே ஆள் ஜாமீனில் வெளியே வந்திருந்தால் போடலாம், ஜெயிலுக்குள் இருந்தபடியே தேர்தலில் நிற்கக்கூடச் செய்யலாம்.

சின்னதாகச் சில பிளஸ். 85 வயதுக்கு மேற்பட்டவருக்கும் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவருக்கும் வீட்டிலிருந்தே ஓட்டு, படிவம் 12டி கொடுத்தால் அலுவலர்கள் ரகசியத் தடுப்போடு வீட்டுக்கே வருகிறார்கள். பெரிய மைனஸ், வெளி மாநிலத்தில் வேலை பார்க்கிறவருக்கு ஒரு வழியும் இல்லை. 72 தொகுதிகளைத் தாங்குகிற ரிமோட் ஓட்டு மெஷினை 2023 ஜனவரியில் கட்சிகளிடம் காட்டப் பார்த்தார்கள், எதிர்க்கட்சிகள் நம்பவில்லை, அதோடு சரி.

வாங்கலாமா வேண்டாமா என்று சொல்ல இதில் வேறு கம்பெனி இல்லை, அதனால் பயன்படுத்துகிறவர்களுக்கு நாலு விஷயம் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அட்டை பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட மாதத்துக்கு ஒரு தடவை எண்ணைப் போட்டுப் பட்டியலில் பெயரைத் தேடிப் பாருங்கள், 1950-க்குப் போன் செய்தும் கேட்கலாம். படிவம் கொடுத்தால் ஒப்புகை எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வாடகை வீடு மாறினால் கேஸ் கனெக்‌ஷனை மாற்றுகிற அதே வாரத்தில் படிவம் 8 போட்டுவிடுங்கள். பெயரை நீக்கிவிட்டார்கள் என்றால் உத்தரவு வந்த 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு, அதிலும் சரிவரவில்லை என்றால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாவது. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு பட்டியலை மூடிவிடுவார்கள், அதற்கு அப்புறம் எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் அடுத்த தேர்தலுக்குத்தான்.